ஆமோதிப்பு மக்கீன்

தலைவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மக்கீனின் வலது கை தோளுயரத்துக்கு வந்துவிடும். "ஆமோதிக்கிறேன்" என்பார். என்ன பிரேரணை என்று மற்றவர்கள் பக்கத்துக் கதிரையில் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். கட்டுகஸ்தோட்டையில் வேறு மக்கீன்களும் இருப்பதால் இவர் 'ஆமோதிப்பு மக்கீன்'. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார். கோபம் கிடையாது.

வயது அறுபத்தொன்று. தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக ஒரு நலன்புரிச் சங்கத்தின் உபதலைவர். தலைவர் ஸிபான் ஹாஜியாருக்கு யோசனைகள் வரும். அவை நடப்பது மக்கீனின் கால்களால். ஒரே கையெழுத்துக்கு நாலு தரம் அலைவார், சிங்களத்தில் கடிதம் எழுதுவார், கோபித்துக்கொண்ட உறுப்பினரை வீடு தேடிப் போய்ச் சமாதானப்படுத்துவார். மேடையில் தலைவருக்கு அடுத்த வரி மறந்துபோனால் முன்வரிசையில் இவருடைய உதடுகள் அசையும். உரையை எழுதியவர் இவர்.

"உங்களுக்கென்று ஒரு யோசனையும் வராதா?" என்று கேட்டால், முன்பிருந்த சங்கத்தின் கதையைச் சொல்கிறார்.

"அதுல ரெண்டு தலைவர் ஈந்த. ரெண்டு பேரும் நல்ல மனிசர்தான். அம்புலன்ஸ் ஆர்ட பொறுப்புல ஈக்கிறதெண்டு வழக்குப் போட்டாங்க. தீர்ப்பு வரக்குள்ள அம்புலன்ஸுக்குள்ள கோழி முட்ட போட்டிச்சி."

சிரிக்காமல்தான் சொல்கிறார்.

உண்மையில் ஒரு தரம் அவருக்கும் யோசனை வந்தது. அக்கரைப்பற்றிலிருந்தும் மூதூரிலிருந்தும் கண்டிக்கு நோயாளிகளைக் கொண்டுவருகிறவர்கள் பஸ் தரிப்பிடத்தில் துணி விரித்துப் படுப்பதைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சங்கத்துக்கு இருந்த பழைய வீட்டில் பன்னிரண்டு கட்டில்கள் போட்டு அதை விடுதியாக்கினார். பின்னறையில் குடியிருந்து அதைப் பார்த்துக்கொண்டவர், கணவனை இழந்த கைரியா.

அதே இடத்தில் இந்த வருடம் தலைவருக்கு மூன்று மாடிக் கல்யாண மண்டபம் தெரிந்தது. "நம்மட சமூகத்துக்கு ஒரு அடையாளம் வேணும்" என்றார். வரைபடத்தைச் சட்டம் போட்டுக் கந்தோரில் மாட்டியவர் மக்கீன். வேறு காணி பார்க்கலாமே என்று தலைவரைத் தனியாக ஒரு தரம் கேட்டிருக்கிறார். "யோசிப்போம்" என்று பதில் வந்தது. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மண்டபப் பிரேரணை வரும் கூட்டத்துக்கு முதல் நாள், அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கைரியா வாசலில் மறித்தார்.

"எதிர்த்துப் பேசச் செல்லல்ல நானா. கைய மடியில வெச்சிட்டு ஈங்க. அது போதும்."

ஆமோதிக்க ஆளில்லாத பிரேரணை விழுந்துவிடும் என்பது சங்கத்தின் யாப்பில் உள்ள விதி. அந்த யாப்பை எழுதியவரும் மக்கீன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் பிரேரித்து முடித்தார். மக்கீனின் கை எழவில்லை. அறுபது பேர் இருந்த சபையில் வேறு எவருடைய கையும் எழவில்லை. எல்லோருக்கும் விடுதி தெரியும், தலைவரையும் தெரியும். பின்வரிசையில் ஒருவர், "என்ன நானா, கை சுளுக்கிட்டா?" என்றார். சபை சிரித்தது. ஹாஜியார் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளைத் திருப்பினார், மறுபக்கத்தில் எதுவும் இல்லை. பிறகு முன்வரிசையைப் பார்த்தார்.

"ஆமோதிக்கிறேன்" என்றார் மக்கீன். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது.

"அந்த மனிசன் அப்பிடித் தனிய நிண்டதப் பாக்க ஏலாமப் போச்சி" என்கிறார் இப்போது. கைரியா அவரை நானா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். 'உபதலைவர்' என்கிறார்.

வியாழக்கிழமை விடுதியைப் பூட்டினார்கள். பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் அனுப்புவதாகத் தலைவர் சொல்லியிருந்தார். மக்கீன் காத்திருக்கவில்லை. தானே ஸ்டூலும் ஸ்குரூ ட்ரைவரும் கொண்டு வந்தார். பலகை ஒரு பக்கம் தொங்கத் தொடங்கியபோது, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்ணொருவர் வாசற்படியில் பையை வைத்தார்.

"காக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்தாக்கள் தங்குற ஊடு இதுதானே?"

மக்கீன் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"இனி இல்ல தங்கச்சி. எங்கட தலைவர் இதுல பெரிய மண்டபம் ஒண்டு கட்டப் போறார். மூணு மாடி. லிஃப்டும் ஈக்கும்."

சொல்லிக்கொண்டே குனிந்து, அந்தப் பையை வாசற்படியிலிருந்து தூக்கி, தெருவோரமாக வைத்தார்.