மாணிக்கம் அண்ணன் விடாத பாட்டு

மலாக்கா புக்கிட் பாருவில் இருக்கும் என் வீட்டில் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காஜா பேராங் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. "ஆண்ட்டி, அப்பா போய்ட்டாரு" என்று மலாயில் சொல்லி அழுதான் மாணிக்கம் அண்ணனின் மகன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முந்தின வாரம்தான் என்னோடு அப்படிச் சண்டை போட்டுவிட்டுப் போனார். அதற்குள் என்ன அவசரம் இந்த மனுஷனுக்கு?

உங்களில் சிலருக்கு அவர் கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசித்தவர். சிலருக்குக் கேசட் போட்டவர். எனக்கு அவர் தயாரிப்பாளர். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில ஆண்டுகளில் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. தமிழ் இசை நிகழ்ச்சியை அவர் தயாரித்தார், நான் அறிவிப்பாளர். தமிழ் நிகழ்ச்சியின் தயாரிப்பாளருக்குத் தமிழ் அரைகுறை! மலாக்கா செட்டி மக்கள் அப்படித்தான். கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். பாட்டுகளை நான் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். "தங்கச்சி, ராகம் எனக்குத் தெரியும் லா, மத்தது நீ பாத்துக்கோ" என்பார்.

ஒரு தீபாவளி நிகழ்ச்சிக்குத் தன் அக்கா தெய்வானையைக் கோலாலம்பூருக்கு அழைத்து வந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்கா. தம்பியைத் தூங்கவைக்க அவர் பாடிய தாலாட்டு, மலாயும் நடுநடுவே தமிழும் கலந்தது. அதை நாடே கேட்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. பொருளை நான் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. ஒத்திகையில் மேலதிகாரி நிறுத்தினார்.

"தமிழ் நிகழ்ச்சியில மலாய்ப் பாட்டா? அப்புறம் ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க."

"இதுவும் நம்ம பாட்டுதான் சார்" என்றார் அண்ணன். அதிகாரி அசையவில்லை.

அக்கா தலைகுனிந்து முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டார். நேரடி ஒளிபரப்பு அது. அக்கா பாட்டு இல்லாமலே அண்ணன் நடத்தி முடித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படிண்ணே வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேன்டீனில் கத்தினேன்.

"பாட்டு என்ன நாசி லெமாக் சோறா, நாளைக்குக் கெட்டுப் போறதுக்கு? போடுவேன் பாரு" என்றார்.

அடுத்த தீபாவளிக்கும் கேட்டார். அதற்கடுத்ததற்கும் கேட்டார். கடைசியில் வேலையை விட்டு மலாக்கா திரும்பி, பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்தார். கேசட் வந்தது, அக்காவைப் பாடவைத்துப் பதிந்தார். "தமிழா மலாயா, எந்தத் தட்டுல வைக்கறது?" என்று கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். வீடியோ வந்தது, அதற்கும் அதே கதி. புதிதாக எந்தக் கருவியைப் பார்த்தாலும் "இதுல அக்கா பாட்டைப் போடலாமா?" என்றுதான் கேட்பார். வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். மனுஷன் விட்டால்தானே!

அந்தக் கடைசி வாரம் கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்தார். "அன்னைக்குச் சொல்லவிடாத பொருளை இப்ப தமிழ்ல சொல்லு."

சொன்னேன். "குரல் தூங்குது, மறுபடி" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னொருக்கா."

"போங்கண்ணே, எனக்கும் எண்பது ஆச்சு!" என்று சீறினேன்.

"அதான் சொல்றேன், சீக்கிரம்" என்றார், சிரிக்காமல். அன்று மாலையே அக்காவின் கேசட் குரலையும் என் கிழட்டுக் குரலையும் சேர்த்து இணையத்தில் ஏற்றிவிட்டார்.

இறுதிச் சடங்கில் பூசாரி பாடி முடித்ததும், தொண்ணூறைத் தாண்டிய தெய்வானை அக்கா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தத் தாலாட்டை எடுத்தார். "இங்க போய் மலாய்ப் பாட்டா?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் முணுமுணுத்தார். வந்ததே எனக்கு ஆத்திரம்! "இது எங்க பாட்டுங்க. கேளுங்க" என்று எழுந்து நின்றேன். அக்கா பாடப்பாட, ஒவ்வொரு வரியாக எல்லோருக்கும் தமிழில் சொன்னேன்.

"தூங்கு தம்பி. மழை வருது. கதவை அக்கா சாத்திட்டேன். நீ பயப்படாம தூங்கு."

முணுமுணுத்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் அனுமதித்ததை மட்டுமே அறிவித்த நான், அன்றுதான் யாரையும் கேட்காமல் பேசினேன். மாணிக்கம் அண்ணனிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தத் துணிச்சலைத்தான். இனி யார் நிறுத்தச் சொன்னாலும் நான் நிறுத்தமாட்டேன்.