சந்தேக நிறுத்தம்

என் மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்குத் தடுமாற்றம்தான். வியாபாரக் கணக்குகளைப் போன் திரையில் படமாகக் காட்டும் செயலி செய்கிறாள் என்று சொல்லிவைப்பேன். நிறுவனம் திருச்சியில், அவள் பெரம்பலூரில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நான் பள்ளி ஆசிரியை.

இந்த வருடம் அரியலூரில் சிமெண்ட் லாரிகள் வைத்திருக்கும் ஒருவர் அவர்களிடம் வேலை கொடுத்தார். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். ஆளில்லாத இடத்தில் இரண்டு வண்டிகள் சேர்ந்து நின்றால் டீசலை இறக்கி விற்கிறார்கள் என்பது அவர் முடிவு. அதைச் சிவப்பில் காட்டச் சொன்னார். மகள் அதற்கு ‘சந்தேக நிறுத்தம்’ என்று பெயர் வைத்தாள்.

பிறகு அவளுக்கே உறுத்தியது.

“மொதலாளிகிட்ட மட்டும் கேட்டு செஞ்சுட்டேம்மா. ஓட்டுறவங்களுக்கு என்ன வேணும்னு கேக்கவே இல்ல. ஒரு நாள் லாரியிலயே போயிட்டு வரேன்.”

“போன்ல கேளேன்.”

“கேட்டா ‘எல்லாம் நல்லா இருக்கு மேடம்’னு வச்சுடுறாங்க.”

ஓட்டுநர் வரதராஜன்பேட்டைக்காரர், பேரன் எடுத்தவர் என்றாள். பேரன் எடுத்தவர்களைப் பற்றியும் பேப்பரில் வருகிறது என்றேன். கடைசியில், அந்தச் செயலியை என் போனிலும் போட்டுக் கொடுத்தால் போ என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள்.

அவள் லாரியில் போன அன்று மதியம், பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, செயலியில் அவள் வண்டியைக் காட்டும் புள்ளியையே பார்த்திருந்தேன். செந்துறை தாண்டி முந்திரிக் காட்டுப் பக்கம் இன்னொரு புள்ளி ஏற்கெனவே நின்றிருந்தது. மகள் போன வண்டி அதை ஒட்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் சிவப்பாயின. மேலே அவள் வைத்த பெயர்.

அவள் போன் அணைந்திருந்தது. ஓட்டுநர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. உரிமையாளரைக் கூப்பிட்டேன்.

“ரெண்டு வண்டியா? நான் அப்பவே சொன்னேங்க, டீசல் எடுக்குறானுவ.”

“என் பொண்ணு அதுல இருக்கா சார்.”

“அவன நான் பாத்துக்குறேன், நீங்க வைங்க.”

அவர் டீசலைத்தான் பார்ப்பார் என்று தோன்றியது. வாடகைக் கார் பிடித்தேன். வழியெல்லாம் அந்த ஓட்டுநரின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் அது இன்னும் மோசமாக இருந்தது.

ரோட்டில் முந்திரிக் கிளைகளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். அதற்கப்பால் அச்சு முறிந்த லாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. மர நிழலில் என் மகள் தார்ப்பாய் மேல் உட்கார்ந்து யாருடைய டப்பாவிலிருந்தோ எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“சார்ஜ் எறங்கிருச்சும்மா. இவரு வண்டிக்கு அடியில இருந்தாரு, போன் மேல சீட்டுல கெடந்துது. நீ ஏன் வந்த?”

நரைத்த மீசையும் கையெல்லாம் கிரீஸுமாக ஓட்டுநர் எழுந்து வந்தார்.

“ஒரு வண்டி படுத்துட்டா பின்னாடி வர்ற எங்க வண்டி தாண்டிப் போவாதுங்க டீச்சரம்மா. மெக்கானிக் வர்ற வரைக்கும் தொணைக்கு நிக்கணும். இப்பத்தான் மொதலாளி பேசுனாரு. சாவியக் குடுத்துட்டு எறங்குன்னாரு. போன் போட்டது நீங்கதானா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். மகள் அவர் போனை வாங்கி உரிமையாளரிடம் பேசினாள். அந்தக் குரல் எங்களுக்கும் கேட்டது.

“சந்தேகம்னு எழுதிக் குடுத்தது யாரும்மா? நீதான?”

“நான்தான் சார். தப்பா எழுதிட்டேன். படம் அனுப்புறேன், முறிஞ்ச அச்சப் பாருங்க.”

அவர் சாவியைக் கேட்பதை விட்டார். வீட்டுக்கு வந்ததும் மகள் செயலியில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஏன் நிற்கிறோம் என்று ஓட்டுநரே பட்டனை அழுத்திச் சொல்ல வழி செய்தாள். ‘பஞ்சர்’, ‘சாப்பாடு’, ‘துணைக்கு நிற்கிறேன்.’ “எல்லாப் பயலும் தொணைன்னுதான் அமுக்குவான்” என்றாராம் உரிமையாளர். அதை என்னால் மறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அவள் அரியலூருக்குப் போய் ஓட்டுநர்களைக் கூட்டி வைத்து, வேறு என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டாள். இந்த முறை யாரும் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அந்த வரதராஜன்பேட்டைக்காரர்தான் முதலில் வாய் திறந்தாராம்.

“மொதல்ல உங்கம்மா போன்லேருந்து அத எடுத்துடுங்க.”

எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து, என் கையிலிருந்து போனை வாங்கி அந்தச் செயலியை எடுத்துவிட்டாள். அவர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா, இவளே இட்டுக் கட்டியதா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இன்று அவருக்குப் பாடாலூர்ப் பக்கம் லோடு. இவளும் அதே லாரியில் போயிருக்கிறாள். என் திரையில் புள்ளி எதுவும் இல்லை. டிபன் பாக்ஸில் மதியச் சாப்பாடு அப்படியே இருக்கிறது.