ஒன்றரை அங்குலப் பைப்பும் எடை குறைந்த மைத்துனனும்

மனிதன் தன் காரின் எடையைக் குறைப்பதற்காக எதையெல்லாம் கழற்றுவான் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை அவனுடைய தொப்பையில் தொடங்குகிறது. 1981ஆம் ஆண்டு பெரம்பலூரில், திருச்சி ரோட்டை ஒட்டிய ஒரு வெல்டிங் பட்டறையில் இது ஐயமின்றி நிறுவப்பட்டது. கூடியிருந்தவர்கள் அதை ஒரு தத்துவமாக எடுத்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டுக் கலைந்துபோனார்கள்.

பட்டறை பஞ்சநாதனுடையது. கிணறு வெட்டும் கிரேன் செய்வது அவர் தொழில். வேப்பந்தட்டைப் பக்கம் அறுபது அடி, எழுபது அடி என்று பாறையை உடைத்துக்கொண்டே இறங்குவார்கள். தண்ணீர் வராது, ஆனாலும் இறங்குவார்கள். ஆளை இறக்கவும் கல்லை ஏற்றவும் கிரேன் வேண்டும். பஞ்சநாதன் செய்த கிரேன் எதுவும் பன்னிரண்டு வருஷத்தில் சாய்ந்ததில்லை. அதற்காக அவருக்கு யாரும் மாலை போட்டதுமில்லை. சொன்ன தேதியில் வேலையை முடித்துக் கொடுக்காதவர் என்ற பெயர் மட்டும் நன்றாகப் பரவியிருந்தது.

அவரிடம் ஒரு வியாதி உண்டு. நாலு மூலை உள்ள எதைப் பார்த்தாலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்துவிடுவார். கோழிக்கூண்டில் குறுக்குக் கம்பி. தண்ணீர்க்குடம் வைக்கும் ஸ்டாண்டில் குறுக்குக் கம்பி. வீட்டு ஜன்னலிலும் வைத்துவிட்டார். "தெருவுல யாரு போறாங்கன்னு எட்டிப் பாக்க முடியல. ஜன்னல் என்ன கிரேனா, சாஞ்சி வுழுறதுக்கு?" என்று அவர் மனைவி ராசாத்தி கேட்டாள். "சதுரம் நிக்காது. முக்கோணந்தான் நிக்கும்" என்றார் அவர். இல்லறத்தில் இதைவிட நீளமாக அவர் பேசியதாகத் தகவல் இல்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் அரியலூர் சுண்ணாம்புக்கல் காண்ட்ராக்டர் குழந்தைவேல் ஒரு லாரியில் காரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். லாரி பெர்மிட் விஷயமாக மெட்ராஸ் போனவர், சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா திரும்பியிருக்கலாம். ஒரு பழைய ரெண்டு கதவு காரோடு திரும்பினார்.

காரில் கூரை இல்லை. வேகத்துக்கு எடைதான் எதிரி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பின் சீட்டு, ஹாரன், பம்பர், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிய பிறகு கூரையையும் அறுத்துப் போட்டிருந்தார். மிச்சமிருந்தவற்றில் கனமான பொருள் குழந்தைவேல்தான், தொண்ணூற்றாறு கிலோ. அவரை அறுக்க முடியாது என்பதால், ஓட்டும் பொறுப்பை மனைவியின் தம்பி உத்திராபதியிடம் கொடுத்தார். உத்திராபதி நாற்பத்தொன்பது கிலோ. கல்யாணமாகி ஒரு வருஷம். அக்கா வீட்டுச் சோறு. மாமாவின் லாரி ஒன்றை ஓட்டுகிறவன். மாமா எதிரில் அவன் வாய் திறந்து பேசியதை யாரும் கேட்டதில்லை.

"பந்தயக் கமிட்டிக்காரன் கடுதாசி போட்டுட்டான்ப்பா. தலைக்கு மேல ஒரு பைப்பு வளையம் இருந்தாத்தான் வண்டிய உள்ள வுடுவானாம்" என்றார் குழந்தைவேல்.

பஞ்சநாதன் காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் ஒரு மூலையில் ஜாக்கி வைத்து ஒரு சாண் தூக்கினார். பிறகு அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தினார். அது சாத்திக்கொள்ளவில்லை. இன்னொரு முறை ஓங்கிச் சாத்தினார். கதவு திரும்பி வந்தது.

"வளைவுல கதவு தானா தொறக்குதா?" என்று உத்திராபதியைக் கேட்டார்.

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா, "ஆமா, அது காத்துக்கு" என்றார்.

"காத்துக்கு இல்ல முதலாளி. மேல் அட்டையக் கிழிச்ச தீப்பெட்டிய முறுக்கிப் பாத்திருக்கீங்களா? கூரைய எடுத்ததும் வண்டி மொத்தமும் முறுக்குது. சக்கரம் ஒரு பக்கம் போகுது, ஒடம்பு ஒரு பக்கம் போகுது. கவுந்தா ஓட்டுறவன் தலைதான் கூரை."

"அதுக்குத்தான வளையம் கேக்குறேன்."

பஞ்சநாதன் கணக்குச் சொன்னார். கிரேனின் தூக்குக் கைக்குப் போடும் கனமான ஒன்றரை அங்குலப் பைப்பு. தலைக்குப் பின்னால் ஒரு வளையம். அதற்குக் குறுக்கே ஒரு கம்பி. பின்னால் முட்டுக் கொடுக்க ரெண்டு கால். எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து கிலோ.

குழந்தைவேலின் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "இருவத்தஞ்சு கிலோவா! கூரைய அறுத்தே நாப்பதுதான்ப்பா கொறைஞ்சிச்சி. கட்டில் செய்வாங்கள்ல, அந்தச் சன்னப் பைப்புல ஒண்ணு வளைச்சிக் குடு. கறுப்புப் பெயிண்ட் அடிச்சா எந்தப் பைப்புன்னு எவனுக்குத் தெரியும்? கமிட்டிக்காரன் கண்ணாலதான் பாப்பான்."

"கமிட்டிக்காரன் கண்ணால பாப்பான். தரை கண்ணால பாக்காது."

"ஏம்ப்பா, குவாரிக்கு ஆறு கிரேன் வேணும்னு இருக்கேன். உனக்குத்தான் குடுக்கலாம்னு இருக்கேன். பாத்துக்க."

ஆறு கிரேன் என்றால் பஞ்சநாதனுக்கு ஒன்றரை வருஷத்து வேலை. அன்று சாப்பிடும்போது ராசாத்தியிடம் சொன்னார். "கட்டில் பைப்புல செஞ்சா ஆறு கிரேனு. செய்யலன்னா அந்தப் பையன் கழுத்து."

"செய்யலன்னா கழுத்து எப்புடிப் போவும்? செஞ்சாத்தான போவும்?"

"நான் செய்யலன்னா வேற எவனாச்சும் செஞ்சி குடுப்பான்."

உலகத்தில் நடந்த பெரும்பாலான தவறுகளுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் அஸ்திவாரம். பஞ்சநாதனும் அதன்மேல் நின்று கட்டில் பைப்பில் வளையத்தைச் செய்து முடித்தார். விசேஷம் என்னவென்றால், சொன்ன தேதியில் முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை குழந்தைவேல் பூஜைச் சாமானோடு வந்தார். சந்தனம், எலுமிச்சம்பழம், திருஷ்டி கழிக்க ஒரு பெரிய பூசணிக்காய். கூடவே லாரி டிரைவர் மதுரைவீரனும், வேடிக்கை பார்க்கக் குவாரி ஆட்கள் பத்துப் பேரும். வளையம் கறுப்பு மினுமினுப்போடு நின்றது. குழந்தைவேல் தட்டிப் பார்த்து, "சூப்பர்" என்றார். உத்திராபதி தட்டிப் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டில் கைவைத்துக்கொண்டு வளையத்தையே அண்ணாந்து பார்த்தான்.

அந்தப் பார்வையைப் பஞ்சநாதன் பார்க்காமல் இருந்திருந்தால் ஆறு கிரேன் நிச்சயம்.

"முதலாளி, பூசணிக்காய எப்புடியும் உடைக்கத்தான போறோம்?"

"ஆமா."

"எப்புடி உடைஞ்சா என்ன?"

பதிலுக்குக் காத்திராமல் டிரைவர் சீட்டில் ஒரு மணல் மூட்டையை வைத்துக் கட்டினார். அதன்மேல் பூசணிக்காயை வைத்துத் துண்டால் இறுக்கினார். உத்திராபதியின் தலை எங்கே இருக்குமோ சரியாக அங்கே. பெட்ரோலையும் ஆயிலையும் வடித்தார். வாசலில் வேப்பந்தட்டைக்குப் போகக் காத்திருந்த புதுக் கிரேன் நின்றது. சங்கிலியால் காரைக் கட்டித் தூக்கிக் கவிழ்த்தார். போடவில்லை, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெதுவாகத் தலைகீழாக இறக்கினார். வளையம் தரையைத் தொட்டது. வண்டியின் பாரம் அதன்மேல் இறங்கியதும், சாமிக்கு முன்னால் மண்டியிடுவதைப்போல அது முழங்காலை மடக்கிக்கொண்டது. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. பூசணிச்சோறு சீட்டுக்கு அடியிலிருந்து வழிந்தது.

"அடப்பாவி! வண்டிய நசுக்கிட்டியே!" என்று கத்தினார் குழந்தைவேல். பூசணிக்காயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உத்திராபதி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது குரல் கொஞ்சம் நடுங்கியது. "மாமா, நான் ஓட்டலைங்க."

"என்னடா சொல்ற?"

"அதுக்குப் பதிலா அங்க நான் உக்காரணும்ல? ஓட்டலைங்க."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுரைவீரன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். குழந்தைவேலுக்கு அது பொறுக்கவில்லை. "பயந்தாங்கொள்ளிப் பயலே! நீ இல்லன்னா பந்தயம் நின்னுடுமா? நானே ஓட்டுறேன்டா!"

சொல்லிவிட்டு ஒரு வெற்றிலை போட்டார். அதை மென்று முடிப்பதற்குள் அவருக்குள் ஒரு பெரிய மாறுதல் நடந்தது. பஞ்சநாதனைத் தனியே அழைத்தார். "ஏம்ப்பா, ஒன்றரை இஞ்சுப் பைப்புன்னு என்னமோ சொன்னியே."

"இருவத்தஞ்சு கிலோ முதலாளி."

"எடைய வுடுப்பா. எடையா பெருசு? மனுச உசுரு பெருசு."

பஞ்சநாதன் வேலையைத் தொடங்கினார். குழந்தைவேல் தினமும் வந்தார். ஒரு நாள், முன்னாலும் ஒரு வளையம் வேண்டும் என்றார். மறுநாள், ரெண்டு வளையத்தையும் கூரையில் சேர்த்துவிடலாமே என்றார். அடுத்த நாள், பக்கத்திலிருந்து எவனாவது இடித்தால் என்ன செய்வது என்று கேட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குறுக்கே ரெண்டு பைப்பு போடவைத்தார். மைத்துனனின் தலைக்குச் சன்னப் பைப்பு போதும் என்று நினைத்தவருக்குத் தன் இடுப்பு எலும்பின் அருமை இவ்வளவு நுட்பமாகத் தெரிந்திருந்தது. பஞ்சநாதனோ வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் திட்டாமல், மனம் போலக் குறுக்குக் கம்பி வைத்தார்.

முடிந்ததும் எடை போட்டார்கள். அறுபத்திரண்டு கிலோ. அறுத்தெறிந்த கூரையைவிட இருபத்திரண்டு கிலோ கூடுதல்.

பஞ்சநாதன் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். ஒரு சாண் தூக்குவதற்குள் அதே பக்கத்துப் பின்சக்கரமும் தரையைவிட்டு எழும்பியது. வண்டி முறுக்கவில்லை, ஒரே கல்லாய் எழுந்தது. "சே" என்றார் பஞ்சநாதன். திருப்தி என்றால் அவர் அப்படித்தான் சொல்வார்.

பிறகு குழந்தைவேல் ஏறினார். வலது கால் போனது. தலை போனது. தொப்பை மட்டும் பக்கவாட்டுப் பைப்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் நின்றுகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மதுரைவீரன் அக்குளில் கைகொடுத்து இழுத்தான்.

"மூச்ச இழுத்துக்குங்க முதலாளி!"

"இழுத்தாச்சுடா! நீ இழுடா!"

வெளியே வந்தவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஒரு கம்பிய எடுத்துட்டா போயிடலாம்ப்பா" என்றார்.

"எடுத்துடலாம். எந்த எலும்பு வேணாம்னு சொல்லுங்க, அந்தப் பக்கத்துக் கம்பிய எடுத்துடுறேன்."

குழந்தைவேல் தன் எலும்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. எதையும் விட மனம் வரவில்லை.

இதுவரை தூரத்தில் நின்ற உத்திராபதி, தானே போய் ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தான். "அண்ணே, இன்னொரு தடவ கவுத்துங்க" என்றான். முன்போலவே மூட்டைமேல் கட்டிக் கவிழ்த்தார்கள். இந்த முறை முழு பாரமும் இறங்கியது. கிரேன் சங்கிலி தொய்ந்தது. பைப்பு அசையவில்லை. பூசணிக்காய் துண்டுக் கட்டோடு தலைகீழாகத் தொங்கியது, தரைக்கும் அதற்கும் நாலு விரற்கடை இடைவெளியில். உத்திராபதி குனிந்து அந்த இடைவெளியில் கையை நுழைத்துப் பார்த்தான்.

"நான் ஓட்டுறேன் மாமா."

உடையாத பூசணிக்காயை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ராசாத்தி அதைக் கூட்டு வைத்துவிட்டாள்.

மாசி மாதம் பந்தயம் முடிந்து லாரி பட்டறை வாசலில் நின்றது. பஞ்சநாதன் வெளியே வந்தார். குழந்தைவேல் கீழே இறங்கவில்லை.

"ஏழுல ஆறாவது" என்றார். "வளைவுல ரெண்டு பேரத் தாண்டிட்டான். நேர் ரோட்டுல அவனுங்க திரும்பத் தாண்டிட்டானுங்க. எல்லாம் உன் பைப்பு எடை."

"கவுந்துச்சா?"

"எங்க கவுந்துச்சி? ஒரு தடவகூடக் கவுழல. அத்தன பைப்பும் வீணு. எல்லாத்தயும் கழட்டிடு. அப்புறம் குவாரி கிரேனுக்கு வேற ஆளப் பாத்துட்டேன். எதச் சொன்னாலும் எதுத்துப் பேசுறவன் எனக்கு ஆவாது."

பஞ்சநாதன் இரும்பு வெட்டும் டார்ச்சை எடுக்கத் திரும்பினார்.

லாரியின் ஸ்டியரிங்கில் இருந்த உத்திராபதி எட்டிப் பார்த்தான். "கழட்டுங்க அண்ணே. ஆனா மாமா, கழட்டிட்டா அடுத்த பந்தயத்துக்கு நீங்கதான் உக்காரணும்." இந்த முறை குரல் நடுங்கவில்லை.

குழந்தைவேல் மைத்துனனைப் பார்த்தார். பின்னால் திரும்பிக் கார் மேலிருந்த பைப்புகளைப் பார்த்தார். ரோட்டில் ஒரு மாட்டு வண்டி போகும்வரை யோசித்தார்.

"இருக்கட்டும். வண்டிய எடு" என்றார்.

லாரி அரியலூர்ப் பக்கம் திரும்பியது. ராசாத்தி சமையல் வேலையை விட்டு வந்து நின்றாள்.

"என்னாச்சு?"

"ஆறும் போச்சு."

"அந்தப் பையன் கழுத்து?"

"இருக்கு. பேசவும் செய்யுது."

"அவன் பொண்டாட்டிக்கு அது போதும்" என்றாள். "நீ வேப்பந்தட்டைக்காரன் கிரேன முதல்ல அனுப்பு. நேத்தே கேட்டு ஆளு வந்துட்டான்."