பட்டப்பகலில் சாத்திய கதவு

என் மகன் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் கேட்டு ஸ்டிரைக் நடந்த வருஷம், அவனும் கூட வேலை செய்கிறவர்களும் மந்தாரக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். அதற்குப் போலீஸ் வைத்த பெயர், அரசாங்கத்துக்கு எதிரான கூட்டுச்சதி. குற்றம் நிரூபணமானால் அவனுக்கு ஜெயில்தான்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். வெளி ஆம்பிளைகள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் மகனுக்காகச் சாட்சி சொல்ல நெய்வேலி கோர்ட்டில் கூண்டேறினேன்.

"ஏம்மா, பட்டப்பகல்ல கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கினு பேசியிருக்காங்க. சதி இல்லன்னா எதுக்கு சாத்தணும்?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"சாத்துனது நாந்தாங்க. சுரங்கத்துப் பக்கமிருந்து காத்தடிச்சா கரித்தூளு சோத்துல வுழுதுங்க. எங்க தெருவுல எல்லா வூடும் சாத்தித்தான் கெடக்கும்."

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்று அவர் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் கோர்ட்டுலயும் ஜன்னலெல்லாம் சாத்தித்தானுங்க இருக்குது. நீங்கள்லாம் யாருக்கு எதிரா சதி பண்றீங்க?"

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜ் ஐயா ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் மேசையை ஒரு விரலால் தடவி, அந்த விரலையும் பார்த்தார்.

தீர்ப்பில் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். வெளியே வந்ததும் மகன், "ஏம்மா, கடையில மீதி சில்லறை கேக்கவே வெக்கப்படுவியே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். தொழிலாளிகள் கைதட்டிக்கொண்டு பின்னால் வர, நான் தலை நிமிர்ந்து நடு ரோட்டில் நடந்தேன்.