மாமி சொல்ல வந்தது

கார்ப் பந்தயம் தொடங்குமுன் எனக்கு வயிற்றைக் கலக்கும். முதல் பந்தயத்தில் கலக்கியது, பழகிவிடும் என்றார்கள். இருபது வருடம் கழித்தும் கலக்கியது. இடையில் வென்ற ஆறு கிண்ணங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வென்றவைதான். ஊர்ச் சந்தியில், "நம்மட ஆளுக்குப் பயமெண்டா என்னெண்டே தெரியா" என்று கதைப்பார்கள். அந்தச் சந்தியிலேயே பயம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்தவன் நான்தான். எந்தத் திடலுக்குப் போனாலும் பாதையின் வளைவுகளைப் பார்க்குமுன் கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரிக்கிற ஓட்டுநர் இந்த நாட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் ஓடப் பழகியது காரில் இல்லை. கல்முனைக்கு மேற்கே வேளாண்மை வெட்டி முடிந்த வயல்களில், பெட்டி பூட்டிய லேண்ட் மாஸ்டர் கை உழவு இயந்திரத்தை வைத்துக்கொண்டு கூட்டாளிமாரோடு வரம்புக்கு வரம்பு பந்தயம் விடுவோம். மணிக்கு இருபது மைல் வேகத்தில் உயிரை விடுவதற்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. அதைப் பார்த்த அரிசி ஆலைக்காரர் ஒருவர் பழைய கார் ஒன்றைத் தந்து கிரவல் மண் பாதைப் பந்தயத்துக்கு அனுப்பினார். முதல் வருடமே வென்றுவிட்டேன். திறந்த லொறியில் ஏற்றிப் பிரதான வீதி நெடுகிலும் கொண்டுபோனார்கள். துணிக்கடைக்காரர் ஒருவர் என் படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் தொங்கவிட்டார். மூன்று பந்தயம் தொடர்ந்து தோற்றதும் அதே படத்தின் பின்பக்கத்தில் 'பெருநாள் விசேட விலைக்கழிவு' என்று எழுதித் திருப்பித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு வென்றேன். திரும்ப என் முகம் வந்தது. கார் புரண்டு காறை எலும்பு முறிந்தது. திரும்பவும் கழிவு வந்தது. என் தொழிலின் ஏற்ற இறக்கத்தை அறிய விரும்பியவர்கள் அந்தக் கடை வாசலைப் பார்த்தாலே போதும்.

எலும்பு பொருந்தி வருவதற்குள் என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எண்ணெய் இல்லாத காலம் வந்தது. பெற்றோல் வரிசையில் மூன்று நாள் காரைத் தள்ளிக்கொண்டு நின்றேன். யாரையும் முந்தாமல் ஒரே வரிசையில் அத்தனை நேரம் நின்றது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒரு வானை எடுத்து, வயதானவர்களைக் கல்முனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஏற்றி இறக்கத் தொடங்கினேன். சீனி வருத்தக்காரர், பிரசர்காரர், முழங்கால்காரர். ஏறும்போதே, "தம்பி, பறக்காதீங்க, ஊசி போட்ட கை" என்பார்கள்.

இப்போது மாமியை, என் மனைவியின் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் பாலமுனைக்குப் போனேன். மாமா மௌத்தாகி அடக்கமாகிவிட்டபடியால் மாமி அதே வீட்டின் பின்னறையில் இருக்கிறார். மருமகனோடு மாமி நேரே முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்பது பழைய மரியாதை. மற்ற வீடுகளில் அது எப்போதோ கழன்றுவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் பூட்டியபடி இருந்தது. நான் இரண்டு முழத்துக்கு அப்பால் உட்கார்ந்திருப்பேன். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் மனைவியிடம், "மகள், உங்கட ஆளுக்குச் செல்லுங்க, சோறு ஆறுது" என்பார். மனைவி வீட்டில் இல்லாவிட்டால் குசினிக் கதவிடம் சொல்வார்: "ஆக்கின சோறு ஆறுது. திங்கிறவங்க திங்கலாம்." கதவு தின்னாது என்று தெரிந்து நான் போய்த் தின்பேன்.

என் பக்கத்து மரியாதை விலகுவது. மாமி கூடத்துக்கு வந்தால் நான் முற்றத்துக்குப் போவேன். முற்றத்துக்கு வந்தால் கிறுகித் திரும்பி வேலியோரம் போவேன். பதினேழு வருடம் இப்படி ஒரே வளவுக்குள் ஓடியும் நாங்கள் இருவரும் ஒருமுறைகூட மோதிக்கொண்டதில்லை. டிராக்கில் எனக்கு அந்தப் பெயர் கிடையாது.

நாற்பத்தாறு வயதில், இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருந்தபோது, தொலைபேசி வந்தது. மூன்று பந்தயக் கார் வைத்திருக்கும் சிங்கள முதலாளி ஒருவர். ஒரு காருக்கு ஓட்டுநர் இல்லை. சனிக்கிழமை வந்து ஐந்து சுற்று ஓடிக் காட்ட வேண்டும். இன்னொருவரும் ஓடுவார். யார் நன்றாக ஓடுகிறாரோ அவருக்கு இந்த வருடம் முழுக்க அந்தக் கார்.

"இது போனா இனி இல்ல" என்றேன் மனைவியிடம்.

"தெரியும்" என்றார். "அதான் ரெண்டு நாளா வயித்தால போறவங்க குடிக்கிற ஜீவனித் தண்ணியக் குடிச்சிக்கிட்டுத் திரியிறீங்க."

பின்னறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "மகள், நானும் வாறன் எண்டு செல்லுங்க. போன முறை எலும்ப முறிச்சிக்கிட்டு வந்தாரு. இந்த முறை என்ன முறியிதெண்டு நான் கண்ணால பாக்கோணும்."

சனிக்கிழமை மூவரும் வானில் போனோம். மாமி சோற்றுப் பார்சலும் கொண்டு வந்தார். மற்ற ஓட்டுநர் முதலில் ஓடினார். என் வயதில் பாதி. ஓடி முடித்துவிட்டு இறங்கிக் கொட்டாவி விட்டார். முதலாளி குடைக்குக் கீழே நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு நின்றார். மெக்கானிக் என் காரின் எஞ்சினை மூடும் பொனட்டைத் திறந்து எண்ணெய் பார்த்து மூடினார். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

பந்தயக் காரின் பொனட்டை வழக்கமான பூட்டு பிடித்து வைப்பதில்லை. முன்பக்கம் இரண்டு பக்கமும் இரண்டு கம்பி ஊசி குத்தித்தான் நிறுத்துவார்கள். ஏறுமுன் அதைக் கையால் தொட்டுப் பார்ப்பது ஓட்டுநரின் வேலை. இருபது வருடமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் நான் மூன்றாவது தடவையாகக் கழிப்பறையில் இருந்தேன்.

திரும்பி வந்தபோது மாமி மரநிழலை விட்டு எழும்பிக் காரை நோக்கி வந்துகொண்டிருந்தார். மனைவியைக் காணவில்லை, முகம் கழுவப் போயிருந்தார். மாமி வருகிறார் என்றதும் கால் தானாக விலகியது. காரின் அடுத்த பக்கம் போனேன். மாமியும் அந்தப் பக்கம் வந்தார். நான் இந்தப் பக்கம் வந்தேன். மாமி கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார், நானும் கூட்டினேன். இப்படிக் காரை இரண்டு முறை சுற்றினோம். இது எங்கள் சமயத்தில் பந்தயத்துக்கு முன் செய்கிற ஏதோ சடங்கென்று முதலாளி நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றார்.

மூன்றாவது சுற்றில் நான் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்துவிட்டேன். ஹெல்மெட்டைப் போட்டேன், எஞ்சினை எழுப்பினேன். மாமி அங்கே அடுக்கியிருந்த பழைய டயர்களின் பக்கம் திரும்பி நின்று அவற்றிடம் ஏதோ சொன்னார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. எனக்காக இறைவனிடம் துஆக் கேட்கிறார் என்று நெஞ்சு இளகிப்போய், ஹெல்மெட்டுக்குள் இருந்தபடி ஆமீன் சொன்னேன்.

முதல் சுற்று நன்றாகப் போனது. சும்மா சொல்லவில்லை, அப்படி நான் பல வருடம் ஓடவில்லை. வளைவில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு கார் நான் நினைத்த இடத்தில் நின்றது, நான் நினைத்த இடத்தில் பாய்ந்தது. வயிறுகூட அடங்கியது. இது எனக்குத்தான், இனி யாரும் பறிக்க முடியாது என்று நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதையில் வேகம் எடுத்தபோது பொனட் டமார் என்று எழும்பிக் கண்ணாடியில் அடித்து நின்றது. முன்னால் வானமும் இல்லை, பாதையும் இல்லை. ஒரு தகரச் சுவர். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஏற்கெனவே ஒன்றும் தெரியவில்லை. அதற்குமேல் கண்ணையும் மூடுவானேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி, "உம்மா" என்று கத்தினேன். கார் தன்பாட்டில் போய் மண்மேட்டில் ஏறி நின்றது.

முதலில் வந்து சேர்ந்தது கொடிபிடிக்கிற பையன்மார் இல்லை, மாமி. முக்காடு தோளில் கிடந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை.

"மருமகன்! மருமகன்! உயிரோட இரிக்கீங்களா?"

பதினேழு வருடத்தில் முதல் வார்த்தை. நான் தலையைக் குனிந்துகொண்டு, மூச்சிரைக்க வந்து நின்ற கொடிக்காரரிடம் சொன்னேன்: "மாமிட்டச் செல்லுங்க, உயிரோடதான் இரிக்கன்."

அவர் சிங்களவர். பாவம், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலாளி கோபப்படவில்லை. "முதல் சுற்று நல்லம். பார்த்துச் சொல்றன்" என்றார், அவருடைய தமிழில். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன்.

வானில் மாமி அழுதுகொண்டே வந்தார். இப்போது மகளுக்கும் இல்லை, கதவுக்கும் இல்லை, எனக்கே சொன்னார். "மத்தக் காருக்கெல்லாம் முன்னுக்குக் கம்பி குத்தியிரிந்திச்சி, மருமகன். உங்கட காருக்கு மட்டும் கம்மல்மாதிரித் தொங்கிக்கிட்டுக் கிடந்திச்சி. நான் கண்டன். செல்லத்தான் வந்தன். வாயத் தொறக்காம டயருக்குச் செல்லிட்டு நிண்டனே. அந்த வேல உங்களுக்குக் கிடைக்காட்டி அது என்னாலதான்."

"இல்ல மாமி, நான்தான் ஓடிட்டன்" என்றேன்.

"நீங்க மரியாதைக்கு ஓடினீங்க. நான் மரியாதைக்கு வாயப் பொத்தினன். இனி என்ட வாயப் பொத்த மாட்டன்."

அன்றிலிருந்து பொத்தவில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் கிளினிக்காரருக்காகக் காத்திருந்தபோது முதலாளி தொலைபேசியில் எடுத்தார். மற்ற ஓட்டுநரை எடுத்துவிட்டாராம்.

"பொனட் தப்பு எங்கட மெக்கானிக்ட தப்பு" என்றார். "அதுக்கு இல்ல. காருக்குள்ள சின்னக் கெமரா இருக்கு. நான் பார்த்தது. நீங்க கை விட்டது. கண் மூடினது. கார் எப்பவும் உடையும், மச்சான். கண் மூடுற ஆளுக்கு நான் எப்படிக் கார் குடுக்கிற?"

"ஓம் சேர், பரவால்ல சேர்" என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. அவர் வைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் வந்தது கவலை இல்லை. வயிறு லேசானது. இனி அந்தத் தகரச் சுவர் எனக்கு முன்னால் எழும்பாது என்ற நிம்மதி. அது வந்து போன பிறகுதான் கவலை வந்தது. வந்த கவலை அந்த நிம்மதியைக் கண்டு இன்னும் பெரிதானது. மருந்துப் பைகளோடு ஏறிய முழங்கால்காரர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். காரைதீவு தாண்டியும் கால் அழுத்த மறுத்தது. ஒரு சைக்கிள் எங்களை முந்தியது.

பின்னாலிருந்து ஒரு கிழவர், "தம்பி, இந்த ஓட்டத்தில போனா வீட்ட போய்ச் சேர்றத்துக்குள்ள மருந்து பழுதாப் போயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டு வாசலில் மாமி நின்றார். "என்ன மருமகன், எடுத்தாரா?"

மாமியின் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்க ஒரு வசனம் போதும்: 'உங்களால இல்ல மாமி, நான் பயந்து கண்ண மூடிட்டன்.' ஆனால் மாமி இனி வாய் பொத்துகிறவர் இல்லை, சொன்னால் சந்திவரை போய்விடும். கழிப்பறைக் கதையே தெரியாத சந்தி அது. படம் தொங்கிய கடை இன்னும் இருக்கிறது. வாய் வரை வந்த வசனத்தை விழுங்கிவிட்டு, "இன்னும் இல்ல மாமி" என்றேன்.

அது மூன்று மாதத்துக்கு முந்திய கதை. மாமி திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கிறார், அந்தத் தொலைபேசி வர வேண்டும் என்று. எழுபது வயது, பிரசரும் இருக்கிறது. வேண்டாம் என்றால், "நான் செஞ்ச பிழைக்கி நான் பிடிக்கிறன்" என்கிறார். மனைவி, "உம்மா மெலிஞ்சி போறா, என்னெண்டு பாருங்க" என்கிறார். என்னவென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நோன்பு திறக்கும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று போய் உட்காருகிறேன். மாமி என் பக்கம் ஒரு ஈச்சம்பழத்தைத் தள்ளிவிடுகிறார். தின்றுவிட்டு எழும்பி வருகிறேன்.

நேற்று மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் கைத்தொலைபேசியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அந்த முதலாளிட நம்பரத் தாங்க மருமகன். நான் கதைக்கிறன்."

"அவருக்குத் தமிழ் சரியா வராது மாமி."

"வாற அளவுக்குக் கதைப்பம். பிழை என்னில எண்டு செல்லுவன். ஒரு கிழவி கேட்டா மாட்டன் எண்டு செல்லுவாரா?"

நான் எழும்பப் பார்த்தேன். மாமி என் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். வேறு வழி தெரியவில்லை. கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி நம்பரைச் சொன்னேன். மாமி ஒவ்வொரு இலக்கமாகப் பிஸ்மி சொல்லிச் சொல்லி அழுத்தினார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்.

மாமி தொண்டையைச் செருமி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஹலோ, நான் மருமகன்ட மாமி கதைக்கிறன்" என்று தொடங்கினார்.