குழாய்க்காரர் கைதட்டிய காட்சி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் குழாய்க்காரரைத் தெரியாத வீடு கிடையாது. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லையா, கழிவறையில் அடைப்பா, சொல்லி அனுப்பினால் போதும், சாப்பிட்ட கை காய்வதற்குள் வந்து நிற்பார். கூலி கேட்க மட்டும் வாய் வராது, மற்ற எதற்கும் அந்த வாய் மூடாது. மனைவி போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது இந்த ஜனங்களும் ஒரே மகளும்தான். மகள் நகரத்தில் படத்தொகுப்பு வேலை பார்த்தாள். தன் மகள் எடிட்டர் என்பதை வால்வைக் கழற்றும்போது ஒரு தரம் சொல்வார், மாட்டும்போது இன்னொரு தரம் சொல்வார்.

அவள் தொகுத்து முடித்திருந்த ஆவணப்படம் பழைய மேயரைப் பற்றியது. மனிதர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் அவரைப் பற்றிய சண்டை ஓயவில்லை. பாலம் கட்டினார், சாலையை அகலமாக்கினார், நகரத்தைத் தூக்கி நிறுத்தினார் என்று பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆற்றோரத்தில் குடியிருந்தவர்களை வாரிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரியும் எட்டாத பள்ளிக்கூடமும் எட்டாத இந்தப் பொட்டல்வெளியில் கொட்டினாரே, அது யார் கணக்கு என்று மீதிப் பேர் கேட்டார்கள். படம் கேட்டதும் அதைத்தான். அதன் முதல் திரையிடலை இந்தக் குடியிருப்பின் பொதுக்கூடத்திலேயே வைத்தார்கள்.

சாயங்காலம் ஆட்கள் வருமுன், சுவர் நிறையத் திரையைக் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். மேயர் மேடையில் நின்று, ஆற்றோரம் முழுக்கக் காலி செய்யப்படும் என்று அறிவிக்கிறார். கூட்டத்தில் ஒருவர் துள்ளி எழுந்து கைதட்டுகிறார். மகள் சட்டென்று படத்தை நிறுத்தினாள். அடர்ந்த மீசையும் தலை நிறைய முடியுமாகத் திரையில் விரிந்திருந்தது அவள் அப்பாவின் முகம்.

பெற்ற அப்பாவை அடையாளம் தெரியவில்லையா என்று கேட்கலாம். கேட்பது சுலபம்! பேசுகிறவரையே காட்டிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். நடுவில் கூட்டத்தைக் காட்டியாக வேண்டும். அன்றைக்குப் படம் பிடித்த புண்ணியவான் கேமராவை மேடையை விட்டுத் திருப்பவே இல்லை. அதனால் வேறொரு கூட்டத்தின் துண்டு ஒன்றை எடுத்து ஒட்டினாள். எத்தனையோ எடிட்டர்கள் செய்வதுதான். அந்த வேலையில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? எழுகிற வேகம் பேச்சோடு பொருந்துகிறதா என்றுதான் கண் போகும். சின்னத் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த ஒரு ஆள் சரியான நொடியில் எழுந்தார், இவளும் சபாஷ் என்று ஒட்டிவிட்டாள். அது, வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தருவதாக மேயர் அறிவித்த கூட்டம். குழாய்க்காரர் அதற்குக் கைதட்டாமல் பின்னே என்ன செய்வார்?

இயக்குநரைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னாள். அவளைவிட இளையவன், இந்தப் படத்துக்காக உயிரைக் கொடுத்தவன். மறுபடி வெட்டி ஒட்டி ஏற்ற நேரமில்லை என்றான். மேயரின் பழைய ஆட்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நிற்பதையும் காட்டினான்.

"ஒரு காட்சி பொய்னு தெரிஞ்சா மொத்தப் படமும் பொய்னு ஊர் பூரா ஊதிடுவாங்க, அக்கா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும், யாரும் கவனிக்க மாட்டாங்க."

கவனிக்க மாட்டார்களாம். தினமும் தங்கள் வீட்டுக் குழாயடியில் குந்தியிருக்கும் மனுஷனைத் தெரியாதா இவர்களுக்கு? நம்மைத் துரத்தியதற்குக் கைதட்டியவன் என்று ஆகிவிட்டால், நாளை எந்த வீட்டுக் கதவு அவருக்குத் திறக்கும்? அப்பாவிடம் ஓடி, உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்று என்னென்னவோ உளறினாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டு, மாடி மாடியாக ஏறி அழைத்து வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு, முன்வரிசையில் மூன்றாம் மாடி அத்தைக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தார். அத்தையின் கணவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, வண்டிக்குள்ளேயே போய்விட்டவர். படத்தில் அதைச் சொல்லி அழுபவளும் அவள்தான்.

திரையிடலைப் படம் பிடிக்க இயக்குநரின் கேமரா ஓரமாகத் திரையைப் பார்த்து நின்றது. விளக்கை அணைத்தார்கள். கணினியின் முன்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வருமுன் நிறுத்திவிடுவது, மின்சாரத்தின் மேல் பழியைப் போடுவது, இதுதான் அவள் திட்டம். பாலம் வந்தது, சாலை வந்தது, அத்தை வந்து அழுதாள், கூட்டத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மேயர் மேடை ஏறினார். அவள் விரல் விசைக்குப் போனது. ஆனால் காட்சி மாறிய பிறகு நிறுத்தியே பழகிய விரல் அது. அழுத்தியபோது திரையில் மேயர் இல்லை. கைகளை விரித்தபடி அப்பா உறைந்து நின்றார்.

 பின்வரிசையில் ஒரு குரல், "நம்ம குழாய்க்காரர்தானே அது?" என்றது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. அத்தை மெல்லத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள்.

மகள் எழுந்தாள். வாசலில் நின்ற இருவரையும் பார்த்தாள், தலையில் கை வைத்த இயக்குநரையும் பார்த்தாள். படம் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"இது என் தப்பு. அப்பா கைதட்டினது குடிநீர்க் குழாய் தர்றேன்னு சொன்ன கூட்டத்துல. நான்தான் அதை வெட்டி இங்க ஒட்டினேன்."

வாசலில் ஒருவன் பலமாகச் சிரித்தான். கூட்டத்தில் மட்டும் ஒரு பெருமூச்சு பரவியது. அதானே, நம்ம ஆள் அப்படிச் செய்வாரா என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கும் உயிர் திரும்பி வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் குழாய்க்காரர் எழுந்துவிட்டார். 

"உட்காரும்மா. தண்ணிக்கும் தட்டினேன். இதுக்கும் தட்டினேன்."

மகளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதற்காக இப்படி வலியப் போய்த் தலையைக் கொடுக்கிறார்? அவரோ திரையைப் பார்த்தே பேசினார். ஆற்றில் வெள்ளம் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிய காலம் அது என்றார். பூட்டுப் போடுகிற மாதிரி கதவுள்ள வீடு தருவதாகச் சொன்னபோது எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று கேட்கத் தோன்றவில்லை, கைதட்டத்தான் தோன்றியது என்றார். அப்புறம் அவர் அத்தையின் பக்கம் திரும்பினார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

 அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் விசிலே அடிச்சாரு," என்றாள். "நானும்தான் தட்டினேன். இங்க யாரு தட்டல, சொல்லுங்க பாப்போம்."

 வாசலில் இருந்த சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அதையும் படத்துல போடு, கண்ணு," என்றாள் அத்தை.

அந்தக் காட்சி எங்கள் யாரிடமும் இல்லையே அத்தை, கேமரா மேடையை விட்டுத் திரும்பவே இல்லையே என்றாள் மகள்.

அத்தை எழுந்து, நாற்காலியைத் திரையின் பக்கமிருந்து கூட்டத்தின் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ இப்ப அந்த கேமராவை எங்க பக்கம் திருப்பு. எங்க வீட்டுக்காரர் எப்படி விசில் அடிச்சார்னு நான் சொல்றேன்."