தையல்காரர் கட்டிய எஞ்சின்

அந்தத் தெருவில் அவருக்கு ‘டைட்டு’ என்றுதான் பெயர். அவர் தைத்த சட்டையோடு எவனாவது தும்மினால், பொத்தான் பறந்துபோய் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைக்கும். ஒரு நூல் தொய்வு இருந்தாலும் அது சட்டையில்லை, சாக்குப்பை என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினார். மனைவியின் தம்பி அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

“மச்சான், இது ஓடுறதுக்கா, கோழி அடைக்கிறதுக்கா?”

அந்தச் சிரிப்பு டைட்டுக்குச் செரிக்கவில்லை. எஞ்சினைப் பிரித்து வீட்டுக்குள் கொண்டுவந்தார். கட்டிலில் கிராங்க் தண்டு படுத்தது, மனைவி தரையில் படுத்தாள். சோறு வடிக்கிற பானையில் பிஸ்டன்கள் மண்ணெண்ணெய்க் குளியல் போட்டன. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ, இன்னும் பெரிதாக வந்தது. ஊரார் தைக்கக் கொடுத்த துணி கரி துடைக்கப் போனது.

இதற்கிடையில், தொலைவில் தம்பி வீட்டில் இருந்த மனைவியின் அம்மா படுத்த படுக்கையானாள்.

“என்னங்க, நான் பஸ்ல ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுறேனே.”

“பஸ்லயா? உன் தம்பி வாசல்ல நம்ம வண்டி போய் நிக்கணும்டி. இந்தா, முடிஞ்சுபோச்சு.”

“நீங்க இந்தா இந்தான்னு சொல்லியே எங்கம்மா பாதியாயிட்டா.”

“உங்கம்மா கெட்டி. என்னை ஏசாம போகமாட்டா.”

பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங்கின் இரு நுனிகளுக்கும் நடுவே சந்து விடவேண்டும். பெரிய டர்போ என்றால் சூடு அதிகம், சந்தும் இன்னும் தாராளமாக. எட்டிப் பார்த்த மெக்கானிக் அதைத்தான் சொன்னார்.

“அண்ணே, நுனியை அரத்தால இன்னும் கொஞ்சம் ராவுங்க. சூட்டுல இரும்பு நீளும்.”

“சந்து விட எனக்கென்ன கை கோணலா?” என்று, மயிரிழைகூட நுழையாதபடி மாட்டி முடித்தார் டைட்டு.

தம்பி போன் செய்தான். “அக்கா, மூச்சு இழுக்குது. உடனே வா.”

பையோடு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. பாவி மகள், ஏறிவிட்டாள்.

சமவெளியில் வண்டி காக்கையை முந்தியது. மேட்டில் அழுத்தினார். சூடேறிய ரிங் நீள இடமில்லாமல் நுனியோடு நுனி முட்டி நொறுங்கியது, பிஸ்டனையும் கடித்துக்கொண்டு. ஒரே புகை. வண்டி நின்றது.

வழியில் வந்த லாரிக்காரர் கதவைத் திறந்தார். “ஏறுங்கம்மா, வேகமா கொண்டுபோய் விடுறேன்.”

டைட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வண்டியை நடுரோட்டுல விடச் சொல்றியா? கயிறு இருக்கு. கட்டி இழுத்துக்கிட்டே போவோம்.”

கட்டினார்கள். மாடு போகிற வேகத்தில் போனார்கள். தம்பி வாசலில் கார் போய் நின்றபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள்.

உள்ளே வெறுங்கட்டிலின் விளிம்பில் அவள் உட்கார்ந்தாள்.

“வண்டிச் சத்தம் கேக்குதா, அக்கா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா அம்மா,” என்றான் தம்பி.

வெளியே, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு டைட்டு பானட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

“மேடு வரைக்கும் என்ன பறப்பு பறந்துச்சு தெரியுமா!”